பன்னிரண்டு குஞ்சில் எட்டு மிஞ்சியது

ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு மாதக் குஞ்சுகள் பன்னிரண்டு வாங்கினேன். இப்போது தை. வளவில் எட்டு நிற்கின்றன. ஒன்று கொத்துப்பட்டுச் செத்தது, மூன்று இரத்தக் கழிச்சலில் போயின. நாலையும் காப்பாற்றியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. ஏற்கெனவே கோழி நிற்கிற வளவில் புதுக் குஞ்சு விட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டில் முன்பே நாலு பேடுகள் இருந்தன. கூடு பெரியது, இடத்துக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டு, “உதுகள் ஒண்டும் செய்யாது பிள்ளை, ரெண்டு நாளில சேந்திடும்” என்றார். அவர் வாழ்நாள் முழுக்கக் கண்டது அடைக்கோழி பொரித்த குஞ்சுகளை. அவற்றுக்குத் தாய் பக்கத்தில் நிற்கும், கிட்ட வருகிற கோழியைத் தாயே துரத்திவிடும். விலைக்கு வாங்கிய குஞ்சுக்கு அந்தக் காவல் கிடையாது. எனக்கு அந்த வித்தியாசம் அன்று உறைக்கவில்லை. பின்னேரம் எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்தேன்.

விடியத் திறந்தபோது ஒன்று மூலையில் செத்துக் கிடந்தது. தலைத்தோல் இல்லை. இன்னொன்றுக்கு முதுகில் காயம். திறந்த வளவு என்றால் குஞ்சு ஓடித் தப்பும். அடைத்த கூட்டின் மூலையில் அதற்கு வழியே இல்லை. காயப்பட்டதை உடனே பிரித்தெடுங்கள். இரத்தச் சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்த குஞ்சுகளே கொத்தும். நான் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசி, கரப்பின் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையின்) கீழ் தனியே வைத்தேன். பத்து நாளில் ஆறிவிட்டது.

அன்றே கூட்டைக் கம்பி வலையால் இரண்டாகப் பிரித்தேன். ஒன்றையொன்று பார்க்கும், தொட முடியாது. இதோடு பிரச்சினை முடிந்தது என்று நம்பினேன்.

தீனில் மட்டும் முன்கூட்டியே கவனமாக இருந்தேன். முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்கு ஒரு சதவீதம் அளவே போதும். கூடினால் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே பெரியது தின்பதைச் சின்னதுக்குப் போடாதீர்கள். ஒன்றாய் நிற்கும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீனே போட்டு, பேடுகளுக்குச் சிப்பித்தூளைத் தனிச் சிரட்டையில் வைத்தால் சரி. பையில் மருந்து கலந்தது என்று எழுதியிருந்தால், அந்தத் தீனைத் தின்கிற பேட்டின் முட்டையைச் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பிறகு மழை பிடித்தது. ஐந்தாம் நாள் இரண்டு குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்மூடி நின்றன. எச்சத்தில் இரத்தம். இரவே ஒன்று செத்தது. விடிய அதை வாழையடியில் புதைத்துவிட்டு, நனைந்துகொண்டு சைக்கிளில் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். வைத்தியர் அப்போதுதான் வெளிவேலைக்குக் கிளம்பிவிட்டாராம். மேசையில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “செத்ததைக் கொண்டு வந்தனீங்களோ?” புதைத்துவிட்டேன் என்றேன். “அப்ப எச்சம்?” அதுவும் இல்லை. “பிறகு என்னத்தைப் பாக்கிறது? நாளைக்குக் காலமை வாங்கோ.”

கேட்டது நியாயம்தான். ஆனால் குஞ்சு நிற்கிற நிலையை நான் விவரிக்க முயன்றபோது அவர் காது கொடுத்திருந்தால், தண்ணீரையும் ஈரத்தையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஒரு நாள் வீணாகியிருக்காது. அந்த ஒரு நாளில் இன்னும் இரண்டு செத்தன.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். செத்த ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். உறைய வைக்கக்கூடாது, குளிரில் இருந்தால் போதும். எச்சத்தை வேறாக ஒரு சின்னப் போத்தலில் எடுத்துப் போயிருந்தேன். வைத்தியர் அறுத்துக் காட்டினார். குருட்டுக்குடல் முழுக்க இரத்தம். இரத்தக் கழிச்சலுக்குப் பெரிய கோழியிடம் எதிர்ப்பு வந்துவிட்டதால் அது நோயில்லாமலே கிருமியை எச்சத்தில் கழிக்கும், ஈரமும் சூடும் சேர்ந்தால் ஓரிரு நாளில் அந்தக் கிருமி தொற்றும் பருவத்துக்கு வரும், மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று பொறுமையாக விளக்கினார். என் கம்பி வலை அலகைத் தடுத்தது; எச்சத்தைத் தடுக்கவில்லை. பேடுகள் கிளறக் கிளற, கூட்டுத் தரையில் பரப்பிய உமி நனைந்து, எச்சத்தோடு வலைக்கு அடியால் குஞ்சுப் பக்கம் போயிருக்கிறது.

தண்ணீரில் கலக்க அம்புரோலியம் தந்தார். இந்த மருந்துக்கு ஒரு விஷயம் முக்கியம்: வேறு எந்தத் தண்ணீரும் குஞ்சுக்குக் கிடைக்கக்கூடாது. மழைத் தேக்கத்தில் குடித்துவிட்டால் மருந்துத் தண்ணீரைத் தொடாது. தகரத்தால் ஒழுக்கை அடைத்தேன். ஈர உமியை முழுதும் அள்ளி எறிந்து காய்ந்ததைப் பரப்பினேன், தண்ணீர்ப் பாத்திரத்தைக் கல்லின் மேல் உயர்த்தினேன், வலையின் அடியில் இரண்டு வரி சீமெந்துக் கல் அடுக்கினேன். நாள்தோறும் புதிதாக மருந்து கலந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. மூன்றாம் நாள் எட்டும் தீனுக்கு ஓடி வந்ததைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

சேர்ப்பதற்கு மார்கழி வரை பொறுத்தேன். அப்போது அவற்றுக்குப் பன்னிரண்டு வாரம் தாண்டியிருந்தது. முதலில் வளவில், பகலில், ஒரு மணி நேரம். வேலியோரம் பனைமட்டைகளை மூன்று அங்குல இடைவெளியில் நட்டு ஒரு சின்ன மறைப்பு செய்தேன். குஞ்சு நுழையும், பேடு நுழையாது. உள்ளே தீனும் தண்ணீரும். வெளியேயும் மூன்று இடத்தில் தீன். அந்த மறைப்புத்தான் மிகப் பெரிய உதவி. கொத்த வந்தால் ஓடி உள்ளே புகுந்துவிடும். துரத்திய பேடு சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

கறுப்புப் பேடு மட்டும் விடவில்லை. அதை மூன்று நாள் தனியே கரப்பில் அடைத்தேன். திரும்பி வந்தபோது அதன் அதிகாரம் குறைந்திருந்தது. மற்றப் பேடுகளிடமே அது தன் இடத்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால், குஞ்சுகளைக் கவனிக்க அதற்கு நேரமில்லை. அதன் பிறகு ஓர் இரவில், எல்லாம் தூங்கியபின், குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் ஏற்றினேன். விடியக்காலை, வெளிச்சம் வருமுன்பே போய்க் கதவைத் திறந்துவிட்டேன். கொத்து இருந்தது, இரத்தம் வரவில்லை.

எட்டில் ஐந்து பேடு. காயப்பட்டு ஆறிய குஞ்சும் அதில் ஒன்று. முதுகில் இப்போது முழு இறகு. நேற்றிரவு டோர்ச் அடித்துப் பார்த்தபோது கறுப்புப் பேட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது.