நாடா எங்கே சுற்றப்பட்டது?

சில ஆண்டுகளுக்கு முன், கோடரி படாத ஒரு பழங்காட்டில் நின்று, ஒரு பெருமரத்தின் உயரம் 51.5 மீட்டர் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அடிமரத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்று சாய்வுமானியில் உச்சியைப் பார்த்தபோது கோணம் 45 பாகையாக இருந்தது. 45 பாகைக்கு டேன்ஜென்ட் மதிப்பு (உயரத்தைக் கிடைத்தொலைவால் வகுத்தால் வரும் விகிதம்) ஒன்று என்பதால் கண்மட்டத்துக்கு மேல் 50 மீட்டர். அதனோடு தரையிலிருந்து கண்மட்டம் வரையுள்ள ஒன்றரை மீட்டரைக் கூட்டிக்கொண்டேன். கூட்டல் சரிதான். ஆனால் நான் உச்சி என்று எண்ணிப் பார்த்தது, அடிமரத்தை விட்டு என் பக்கமாக 8 மீட்டர் நீண்டிருந்த ஒரு கிளையின் நுனி. அந்த நுனிக்கு நேர்கீழான தரை என்னிடமிருந்து 42 மீட்டரில் இருந்ததால் அதன் உண்மையான உயரம் 43.5 மீட்டர்தான். பின்னர் லேசர் தொலைவுமானியுடன் திரும்பிச் சென்று பார்த்தபோது, அந்தக் கிளைக்குப் பின்னால் மறைந்திருந்த மெய்யான உச்சி 45 மீட்டரில் இருந்தது. ஆறரை மீட்டர் உயரத்தை நானாகவே அந்த மரத்துக்குக் கொடுத்திருந்தேன்.

அன்றிலிருந்து, ஒரு மரத்தின் அளவைப் படிக்கும்போதெல்லாம் அது எப்படி எடுக்கப்பட்டது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். நான் அன்று கையாண்ட டேன்ஜென்ட் முறை கொடிக்கம்பத்துக்குப் பொருந்தும். ஏனெனில் கம்பத்தின் உச்சி அதன் அடிக்கு நேர்மேலே இருக்கிறது. அகன்ற கவிகை, அதாவது கிளைகளும் இலைகளும் விரிந்த மேற்பகுதி, கொண்ட முதிர்ந்த மரங்களில் அந்த நிபந்தனை அரிதாகவே நிறைவேறுகிறது. லேசரால் உச்சிப் புள்ளிக்கே உள்ள சாய்தொலைவை அளந்து, அதைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால், அந்தப் புள்ளி எந்தப் பக்கம் விலகியிருந்தாலும் உயரம் மாறாது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு: உண்மையான உச்சியைத் தவறவிட்டு வேறு கிளையைக் குறிவைத்தாலும், கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்குமே தவிர, மரத்தை வளர்த்துக் காட்டாது.

மிக உயர்ந்த மரங்களுக்கு இதுவும் போதாது. வானிலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பிக் காட்டை வரைபடமாக்கும் லைடார் தொழில்நுட்பம், எந்தச் சரிவில் எந்த மரம் மற்றவற்றை மீறி நிற்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு ஒருவர் மேலே ஏறி, உச்சியிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். போர்னியோவின் டானும் பள்ளத்தாக்கில் உள்ள மஞ்சள் மெராந்தி மரமான 'மெனாரா' இவ்வாறுதான் லைடாரில் தென்பட்டு, 2019-இல் ஏறி அளக்கப்பட்டு, 100.8 மீட்டர் என்று உறுதியானது. அது சரிவான நிலத்தில் நிற்பதால், அந்த நூறு மீட்டரைத் தரையின் எந்தப் புள்ளியிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி உடனே எழுகிறது. மேட்டுப்பக்கத் தரைக்கும் பள்ளப்பக்கத் தரைக்கும் இடையே சில மீட்டர் வேறுபாடு இருக்கக்கூடும். இரண்டுக்கும் நடுவே, விதை முளைத்திருக்கக்கூடிய மட்டத்தைத் தொடக்கமாகக் கொள்வதே நியாயம் என்பது என் கருத்து.

சுற்றளவில் இன்னும் பெரிய சிக்கல்கள் இருக்கின்றன. நாடாவைச் சுற்ற வேண்டிய 'மார்பு உயரம்' என்பது தரையிலிருந்து பல நாடுகளில் 1.3 மீட்டர், அமெரிக்காவில் 1.37 மீட்டர், நியூசிலாந்தில் 1.4 மீட்டர். நேராக வளர்ந்த மெல்லிய மரத்தில் இந்தப் பத்து சென்டிமீட்டர் பொருட்டல்ல. ஆனால் அடி வேகமாக அகன்று விரியும் பெருமரத்தில் நாடா சற்று இறங்கினாலே சுற்றளவு கணிசமாகக் கூடிவிடும். பலகைவேர்கள் ஓங்கி நிற்கும் மழைக்காட்டு மரங்களில் அந்த உயரத்தில் நாடாவைச் சுற்றினால், மரத்தோடு சேர்த்து வேர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் அளந்தவர்களாவோம். அதனால்தான் அங்கே வேர்கள் முடியும் இடத்துக்கு மேலே அளக்கிறார்கள். மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் ஒரு தேவாலய வளாகத்தில் நிற்கும் தூலே மரம், காட்டு மரமாக இல்லாவிட்டாலும், இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. மேலோட்டமான சுற்றளவிலிருந்து கணக்கிட்டால் அதன் விட்டம் 11.6 மீட்டருக்கு மேல் வருகிறது. அடிமரத்தின் மடிப்புகளையும் பள்ளங்களையும் கழித்து, உண்மையான குறுக்குவெட்டுப் பரப்பிலிருந்து கணக்கிட்டால் சுமார் 9.4 மீட்டர்தான். இரண்டு எண்களும் நேர்மையாக எடுக்கப்பட்டவை. ஆனால் ஒரு மரத்தின் முதல் எண்ணை மற்றொரு மரத்தின் இரண்டாம் எண்ணோடு ஒப்பிடுவது நேர்மையாகாது.

அப்படியானால் 'மிகப் பெரிய மரம்' என்று எதைச் சொல்வது? அமெரிக்காவில் 1940 முதல் நடந்துவரும் பெருமரப் பதிவேட்டில், அங்குலக் கணக்கில் சுற்றளவு, அடிக் கணக்கில் உயரம், அதே அடிக் கணக்கில் கவிகையின் சராசரி அகலத்தில் கால் பங்கு ஆகிய மூன்றையும் கூட்டிப் புள்ளிகள் தருகிறார்கள். நாடாவும் பொறுமையும் உள்ள எவரும் பங்கேற்க முடியும் என்பதால் அந்த முறையின் மீது எனக்கு மதிப்பு உண்டு. எனினும் அடியில் புடைத்த குட்டையான மரங்களுக்கு அது அளவுக்கு மீறிச் சலுகை தருகிறது. நான் நம்புவது கன அளவை. நியூசிலாந்தின் வைப்போவா காட்டிலுள்ள இரண்டு கவ்ரி மரங்களைப் பாருங்கள்: தே மாத்துவா ங்காஹெரேயின் சுற்றளவு 16.41 மீட்டர், தானே மஹூத்தாவின் சுற்றளவு 13.77 மீட்டர். நாடாவை மட்டும் கேட்டால் முன்னதே பெரியது என்று சொல்லும். ஆனால் கவ்ரியின் அடிமரம் மேலே போகப்போக அதிகம் ஒடுங்காத தூண் போன்றது என்பதால், கிளை பிரியும் இடம் வரையுள்ள உயரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது, 244.5 கன மீட்டர் அடிமரம் கொண்ட தானே மஹூத்தாவே பெரியது.

கலிபோர்னியாவின் ராட்சதச் செக்கோயாக்களிலும் இதே வழக்கு நடந்தது. ஜெனரல் கிரான்ட், ஜெனரல் ஷெர்மன் என்ற இரண்டு மரங்களில் எது பெரியது என்ற நீண்ட வாதம், 1931-இல் அளவையாளர்கள் கன அளவைக் கணக்கிட்ட பிறகு ஷெர்மனுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அடிமரத்தின் பருமனில் இன்றும் கிரான்டே முந்துகிறது. ஷெர்மனின் அடிமரம் 1,487 கன மீட்டர் என்று எல்லா இடங்களிலும் அச்சிடப்படும் எண் 1975-ஆம் ஆண்டுக் கணக்கு. அதன் பிறகும் அந்த மரம் ஒவ்வோர் ஆண்டும் புதிய வளையம் சேர்த்திருக்கிறது. 2006-இல் ஒரு மாபெரும் கிளையை இழந்திருக்கிறது. உயிருள்ள ஒன்றின் அளவைத் தேதி இல்லாமல் எழுதக்கூடாது.

பழைய பதிவுகளை வாசிக்கும்போது இந்தக் கவனம் மேலும் தேவைப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் விழுந்து கிடந்த ஒரு யூக்கலிப்டஸ் 133 மீட்டர் இருந்ததாக 1872-இல் ஒரு வன அதிகாரி தெரிவித்தார். அதே மாநிலத்தில் தார்ப்டேல் என்ற இடத்தில் நின்ற மற்றொரு மரத்தை 1880-களில் ஒரு நில அளவையாளர் 114.3 மீட்டர் என்று அளந்தார். இன்று நிற்கும் அதே இன மரங்களில் மிக உயரமானது டாஸ்மேனியாவின் செஞ்சூரியன். அது நூறு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. பயிற்சி பெற்ற அளவையாளரின் எண்ணை நான் ஏற்கிறேன். 133 மீட்டரை ஏற்கத் தயங்குகிறேன். கலிபோர்னியாவின் மிக உயரமான ரெட்வுட் மரங்களின் உச்சி இலைகளுக்கு நீர் ஏறும் விதத்தை ஆராய்ந்து 2004-இல் வெளிவந்த ஆய்வு, மரங்கள் எட்டக்கூடிய உச்ச வரம்பை 122 முதல் 130 மீட்டர் வரை என்று மதிப்பிட்டதும் என் தயக்கத்துக்கு ஒரு காரணம்.

இன்று அறியப்பட்டவற்றுள் மிக உயரமான மரம், கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவிலுள்ள ஹைப்பீரியன். 2006-இல் கண்டறியப்பட்டபோது தாவரவியலாளர் ஸ்டீவன் சில்லெட் மேலே ஏறி நாடாவைத் தொங்கவிட்டு 115.55 மீட்டர் என்று அளந்தார். 2019-இல் அது 116.07 மீட்டராக வளர்ந்திருந்தது. ஆனால் அதைத் தேடிச் சென்றவர்களின் காலடிகளால் சுற்றியிருந்த பெரணிகள் அழிந்து, அடிமண் இறுகிப்போனதால், 2022-இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியை மூடிவிட்டது. மீறி நுழைவோருக்கு 5,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதிக்கப்படலாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று, என் குறிப்பேட்டில் மரங்களின் இருப்பிடம் குறித்திருந்த பக்கத்தைத் தனியே எடுத்து வைத்தேன். இங்கு நான் எழுதும் அளவுகளில் தேதியும், கருவியும், நாடா சுற்றிய உயரமும் இருக்கும். மரத்துக்குச் செல்லும் வழி இருக்காது.