கண்கட்டு மந்திரவாதியை உருவாக்கிய விதம்

நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து பேர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை எங்களுடையது. அதில் இல்லூஷன் (மாயத்தோற்ற) வழி விசார்டு (மந்திரவாதி) ஒருவனை ஒன்றாம் லெவலில் தொடங்கிப் பத்தாம் லெவல் வரை கொண்டுபோனோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். 2024 விதிகளில் இந்த வழியை மூன்றாம் லெவலில்தான் எடுக்க முடியும், ஆறாம் லெவல் சக்தியும் வேறு. அதனால் இங்கே உள்ள கணக்கை அங்கே அப்படியே போட்டால் பொருந்தாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதித்தொகுப்பில் விசார்டுக்கு எவொகேஷன் (தாக்குதல் மந்திர) வழி மட்டும்தான் உண்டு. இல்லூஷன் வழிக்கு ஆட்டக்காரர் கையேடு வேண்டும்.

இனம் ஃபாரஸ்ட் நோம், காட்டில் வாழும் குள்ளர்கள். இன்டெலிஜென்ஸுக்கு 2, டெக்ஸ்டெரிட்டிக்கு 1 கூடுகிறது. மைனர் இல்லூஷன் என்ற சிறுதோற்ற மந்திரமும் பிறப்பிலேயே கிடைக்கிறது. இரண்டாம் லெவலில் இல்லூஷன் வழி அதே மந்திரத்தைத் தரும். ஏற்கெனவே தெரிந்திருந்தால் வேறொரு கேன்ட்ரிப் (எத்தனை தடவையும் போடக்கூடிய எளிய மந்திரம்) எடுத்துக்கொள்ளலாம். ஆக இரட்டிப்பாகி வீணாவது எதுவும் இல்லை.

ஆறு திறன்களுக்கும் பிரித்து வைக்கும் வழக்கமான ஆறு எண்களில் (15, 14, 13, 12, 10, 8) பெரியதை இன்டெலிஜென்ஸில் வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். நாங்கள் 14-ஐ வைத்தோம். இரண்டு கூடி 16. அங்கே 15-ஐ வைத்திருந்தால் 17 ஆகும், ஆனால் 16-க்கும் 17-க்கும் பகடையோடு கூட்டிக்கொள்ளக் கிடைப்பது ஒரே +3 தான். மிச்சமான 15 உடலுறுதியான கான்ஸ்டிடியூஷனுக்குப் போனது. 13 டெக்ஸ்டெரிட்டியில் ஒன்று கூடி 14. விஸ்டம் 12, கரிஸ்மா 10, ஸ்ட்ரெங்த் 8. நான்காம் லெவலில் இன்டெலிஜென்ஸை 18 ஆக்கினோம். எட்டாம் லெவலில் ரெசிலியன்ட் ஃபீட்டை (கூடுதல் தனித்திறன்) கான்ஸ்டிடியூஷனுக்கு எடுத்தோம்; 15 என்பது 16 ஆகி, மந்திரத்தைக் கவனம் சிதறாமல் பிடித்துவைக்கும் சேவிங் த்ரோவுக்கும் (தாக்குப்பிடிக்கப் போடும் பகடை) பலம் சேர்ந்தது. மாயத்தோற்றக்காரன் அடி வாங்கியதுமே தோற்றம் கலைந்துபோனால் அவன் மேசையில் இருந்தும் பயனில்லை. அதனால் இந்த 15-ஐ விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

பின்னணிக்கு சார்லட்டன். ஏமாற்றும் திறனும் வேடக்கருவிப் பெட்டியும் அதிலேயே வந்துவிடும். மந்திரப் புத்தகத்தின் முதல் ஆறு: சைலண்ட் இமேஜ் (ஓசையில்லாத தோற்றம்), டிஸ்கைஸ் செல்ஃப் (மாறுவேடம்), மேஜ் ஆர்மர், ஷீல்டு (இரண்டும் தற்காப்பு), ஸ்லீப், அன்சீன் சர்வன்ட் (கண்ணுக்குத் தெரியாத வேலையாள்). கலர் ஸ்ப்ரேயை விட்டுவிட்டோம். பெயருக்கு அது இல்லூஷன்தான், ஆனால் அதன் 6டி10 (பத்துப் பக்கப் பகடை ஆறின் கூட்டு) எண்ணிக்கை சில லெவல்களிலேயே எதிரிகளின் உயிர்ப்புள்ளிக்கு எட்டாமல் போய்விடுகிறது. இரண்டாம் லெவலுக்குப் பிறகு கிடைத்த சுருள்களில் உள்ள இல்லூஷன் மந்திரங்களைப் புத்தகத்தில் எழுத மந்திர லெவல் ஒன்றுக்கு 25 பொன், ஒரு மணி நேரம். மற்றவற்றுக்கு 50 பொன், இரண்டு மணி நேரம்.

ஒன்றாம் லெவலில் சேவ் டிசி, அதாவது நம் மந்திரத்தை முறியடிக்க எதிரி எட்ட வேண்டிய எண், 13. ஓர்க் என்ற முரட்டு எதிரியின் இன்டெலிஜென்ஸ் 7, அதாவது -2. தோற்றத்தைச் சோதிக்க அது அந்தச் சுற்றில் தனக்குள்ள ஒரு முழு ஆக்‌ஷனைச் செலவழித்து, 20 பக்கப் பகடையில் 15-க்குக் குறையாமல் போட வேண்டும். நூற்றுக்கு முப்பது வாய்ப்பு. டிசி 15 ஆனபின் அது இருபதாகக் குறைந்தது. ஓர்க் கண்டுபிடித்துவிட்டாலும் நமக்கு நட்டமில்லை, அந்தச் சுற்றில் அது யாரையும் அடிக்கவில்லையே. ஆனால் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே எதிரிக்கு வராமல் செய்வதில்தான் இந்தப் பாத்திரத்தின் முழுத் திறமையும் இருக்கிறது. நடுவழியில் திடீரென்று ஒரு டிராகன் நின்றால் எவனும் சந்தேகப்படுவான். அந்த இடத்தில் இருக்க வேண்டிய பொருள் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இதற்காகவே எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆட்ட உலகின் நிலத்தை இந்த மாவட்டத்தில் இருந்தே எடுத்தார். எந்தப் பொருள் எத்தனை அடி இருக்கும், எங்கே வளரும், எப்படி மணக்கும் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். சைலண்ட் இமேஜ் 15 அடிக் கனசதுரம். பனையை அதற்குள் நிறுத்த முடியாது, தலை வெட்டுப்படும். ஒரு மட்டி வாழைக்கூட்டம் கச்சிதமாக அடங்கும், பின்னால் நான்கு பேர் பதுங்கலாம். ரப்பர் தோட்டத்தில் கொடியில் காயும் ஷீட்டு வரிசையும் நல்ல மறைப்புதான். ஆனால் சைலண்ட் இமேஜுக்கு மணம் கிடையாது. காய்கிற ஷீட்டும் ஒட்டுப்பாலும் எப்படி நாறும் என்று குலசேகரம் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரிகளோடு ஓநாய் வந்தால் அதன் மூக்கு உடனே காட்டிக்கொடுக்கும். ஓசை, மணம், வெப்பம் எல்லாம் வேண்டுமானால் ஐந்தாம் லெவலில் மேஜர் இமேஜ் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தோற்றம் என்பது ஒன்றைச் சேர்ப்பது. இருப்பதை இல்லாததாக்க அதை நம்பக் கூடாது. தரையில் குழி இருப்பதாகக் காட்டினால் மேசையில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். குழிக்குப் பதில் கற்குவியலை வையுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை வைத்து அமைத்த சண்டையில்தான் இது முழுதாகப் பலித்தது. 1966-இல் பறளியாற்றுக்கு மேலே கட்டிய பாலம், 28 தூண்கள், 115 அடி உயரம். விழுந்தால் 11டி6 சேதம். தொட்டியின் அகலம் ஏழரை அடி என்பதால் வரைபடத்தில் இரண்டு கட்டமாகப் போட்டோம். தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் ஓர்க்குகள் துரத்தி வருகின்றன.

"அண்ணே, நான் சைலண்ட் இமேஜ் போடுகேன்."

"என்ன பொருள் மக்கா? எத்தனை அடி? அவன் எங்கிருந்து பாக்கான்? எதுக்கு நம்புகான்?"

டிஎம் கேட்கும் இந்த நான்கு கேள்விக்கும் பதில் இல்லாமல் மந்திரம் போடக் கூடாது என்பது ஆறாவது வாரத்தில் நாங்கள் வகுத்த ஒழுங்கு. அன்றைய பதில்: முள்ளாணிகள். இரும்பு முள்ளாணிப் பை ஒன்று ஒரு பொன்; 20 ஆணி, 5 அடிக் கட்டம் ஒன்றை நிறைக்கும். இரண்டு பை நிஜ ஆணியை முதல் வரிசையின் இரண்டு கட்டங்களில் கொட்டியாயிற்று. அதற்கு இப்பால் இரண்டு வரிசை, நான்கு கட்டம், சைலண்ட் இமேஜ் ஆணிகள். முன்னால் ஓடிவந்த ஓர்க் நிஜ ஆணியில் கால் வைத்தது, டிசி 15 டெக்ஸ்டெரிட்டி சேவில் தோற்றது, நின்றது. காலில் இருந்து ரத்தம் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு, மற்றவை அடுத்த வரிசைகளைச் சோதிக்கவே இல்லை. பாதி வேகத்தில் ஒவ்வோர் அடியாக வந்தன. வில்லாளிக்குக் கூடுதலாக ஒரு சுற்று கிடைத்தது. பொய்யின் வாசலில் ஒரு நிஜப் பொருளை வைக்கிற இந்த உத்திக்கு ஆன செலவு இரண்டு பொன்னும் ஒரு முதல் லெவல் ஸ்லாட்டும் (மந்திரம் போடும் வாய்ப்பு) தான். அன்சீன் சர்வன்ட்டைப் புத்தகத்தில் சேர்த்ததற்கும் இதுதான் காரணம்: மாயக் கதவுக்குப் பின்னால் அது நிஜச் சட்டியை உருட்டினால் போதும்.

தவறியது எங்கே என்றால், கான்சென்ட்ரேஷனில், அதாவது மந்திரத்தைக் கவனத்தால் பிடித்துவைப்பதில். மூன்றாம் லெவலில் சைலண்ட் இமேஜ், இன்விசிபிலிட்டி, ஃபேன்டாஸ்மல் ஃபோர்ஸ் மூன்றையும் ஆசையாகத் தயார்செய்து வைத்தோம். மூன்றுக்கும் கான்சென்ட்ரேஷன் வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். புதியதைப் போட்டதும் பழையது மறைந்து, வாழைக்கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த கூட்டாளிகள் வெட்டவெளியில் நின்றார்கள். அதற்குப் பிறகு கான்சென்ட்ரேஷன் மந்திரம் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் தயார்செய்வதில்லை. மைனர் இல்லூஷன், டிஸ்கைஸ் செல்ஃப், மிரர் இமேஜ், ஃபேன்டம் ஸ்டீட் நான்குக்கும் அது தேவையில்லை. ஃபேன்டாஸ்மல் ஃபோர்ஸ் பேய்ப்பிணங்களிடமும் பொறிமனிதர்களிடமும் பலிக்காது. பார்ப்பவரை மயக்கும் ஹிப்னாடிக் பேட்டர்ன், மயங்காத் தன்மை உள்ளவற்றிடம் பலிக்காது. உண்மைப் பார்வை உள்ள எதிரி முன்னால் எந்தத் தோற்றமும் நிற்காது. அப்படிப்பட்ட நாளுக்கு ஸ்லோ மந்திரம் ஒன்றைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

விதிப்புத்தகம் தெளிவாகச் சொல்லாத ஒன்றை டிஎம்மோடு முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஒரு எதிரி கண்டுபிடித்து "பொய்டே!" என்று கத்தினால் மற்றவர்களுக்கு என்ன ஆகும்? எங்கள் மேசையில், கேட்டவர்களுக்குச் சோதிக்கும்போது அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுப்பது) உண்டு, ஆனால் சோதிக்க ஆக்‌ஷன் செலவழித்தே ஆக வேண்டும்.

அளவுத் தகராறைத் தீர்த்தது ஓஎச்பி ஷீட்டு என்கிற பிளாஸ்டிக் தாள். ஒரு அங்குலம் ஐந்து அடி என்ற வரைபடத்துக்கு, மைனர் இல்லூஷனுக்கு ஒரு அங்குலச் சதுரம், சைலண்ட் இமேஜுக்கு மூன்று, மேஜர் இமேஜுக்கு நான்கு, ஹிப்னாடிக் பேட்டர்னுக்கு ஆறு அங்குலம் என்று வெட்டிவைத்தோம். ஒளி ஊடுருவுவதால் அடியில் இருக்கும் பொம்மைகள் தெரியும். நம்ம ஆள் யாராவது பேட்டர்னுக்குள் மாட்டுகிறாரா என்பதும் வைக்கும்போதே தெரிந்துவிடும்.

ஆறாம் லெவலில் வரும் மாலியபிள் இல்லூஷன்ஸ் வந்தபின் ஆட்டமே வேறு. ஒரு நிமிடமோ அதற்கு மேலோ நீடிக்கும் தோற்றத்தை, கண்ணில் படும் தூரத்தில் இருந்தால், ஓர் ஆக்‌ஷனில் மாற்றிக்கொள்ளலாம். பலரும் இதைச் சைலண்ட் இமேஜுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். டிஸ்கைஸ் செல்ஃபில்தான் இதன் உண்மையான லாபம். ஒரு மணி நேரம், ஒரே ஸ்லாட், வேண்டிய தடவை முகம் மாற்றம்: கோட்டை வாசலில் மீன்கூடைக்காரி, உள்முற்றத்தில் காவலாள், கருவூலக் கதவருகே கணக்குப்பிள்ளை. நோம் குள்ளம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், உயரத்தில் ஓர் அடிக்கு மேல் கூட்ட முடியாது. அதனால் மூன்று வேடத்திலும் குட்டையான ஆளாகவே காட்டினோம். யாராவது தொட்டால் கை தோற்றத்துக்குள் போய்விடும் என்பதால், கூட்டத்தில் நடக்கும்போது முன்னும் பின்னும் ஒவ்வொரு கூட்டாளி நடப்பார்.

பத்தாம் லெவலில் இல்லூசரி செல்ஃப் கிடைத்தது. அடி விழும் நேரத்தில், சுற்றுக்கு ஒரு தடவை எதிர்வினையாகச் செய்யக்கூடிய ரியாக்‌ஷனால் தன் உருவத்தை இடையில் நிறுத்தலாம், அந்த அடி தானாகவே தவறிவிடும். ஒரு ஓய்வுக்கு ஒரு தடவைதான். ஷீல்டுக்கும் ரியாக்‌ஷன்தான் வேண்டும் என்பதால் ஒரே சுற்றில் இரண்டும் கிடைக்காது. சிறிய அடிகளுக்கு ஷீல்டைப் போட்டு, கிரிட்டிக்கல் என்ற பலத்த அடி விழும்போது இதை எடுப்பது எங்கள் வழக்கம்.