டிவி எங்கே என்று விருந்தாளி கேட்கலாம், ரிப்பேர்காரர் கேட்கக் கூடாது

தரங்கம்பாடி, நாகூர், பூம்புகார் பக்கம் பழைய வீடுகளை எடுத்து ஆறேழு அறை விடுதியாக்குகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பாட்டு கேட்கணும், ஸ்பீக்கர் தெரியக் கூடாது. டிவி வேணும், கண்ணில் படக் கூடாது." ஒளித்து வைப்பது ஆசாரிக்கு ஒருநாள் வேலை. ஒளித்ததை மூன்றாம் வருஷம் சுவரை உடைக்காமல் வெளியே எடுக்க முடிகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எந்தக் கருவியானாலும் ஒருநாள் கழற்றித்தான் ஆகவேண்டும்.

ஸ்க்ரூவிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்பீக்கரோடு வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. இரண்டு ஐப்பசி மழை தாண்டினால் அதன் தலையில் ஸ்க்ரூடிரைவர் உட்காரும் பள்ளமே துருவில் கரைந்துவிடும். திருப்பினால் ஸ்க்ரூ அசையாது, தலை பொடிப்பொடியாய் உதிரும். பிறகு டிரில் போட வேண்டும். கிரில் வளையும், கிரில்லோடு ஒரு சாண் சுண்ணாம்புப் பூச்சும் பெயர்ந்து வரும். ஐந்து ரூபாய் ஸ்க்ரூவுக்காகக் கொத்தனார், பெயின்டர் இரண்டு பேரையும் கூப்பிட வேண்டியதாகிவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கடலோரத்தில் பழுப்பாகக் கறைபிடிக்கும். 316 வாங்குங்கள், அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்புக்கு ஈடுகொடுக்கிறது. "எஸ்எஸ் தான் சார்" என்று கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு, பெட்டியில் 316-க்கான ஏ4 குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய கிரில்லில் ஸ்டீல் ஸ்க்ரூ நேராகப் பட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் வேண்டும்.

ஐபி 65 என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது தூசிக்கும் தண்ணீருக்கும் கொடுத்த மதிப்பு. உப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரையும். நம் கடற்கரையில் பெரும்பாலான ராத்திரிகளில் அந்த அளவுக்கு மேல்தான். சர்க்யூட் போர்டில் படிந்த உப்பு விடியற்காலையில் மின்சாரம் கடத்தும் ஈரப்படலமாகிவிடுகிறது. அதனால்தான் கடலைப் பார்த்த அறையில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அடுக்கும் ரேக் வைக்கக் கூடாது, ஃபேன் வைத்த ஆம்பும் கூடாது. ஃபேன் உப்பை உள்ளே இழுத்துக் கொட்டும். தெருப்பக்கத்து உள்ளறை, ஃபேன் இல்லாத ஆம்ப், காற்றுத் துளைகளில் பல்லி நுழையாதபடி மெல்லிய வலை.

இனி வராந்தா. வீட்டு ஸ்டீரியோ மாதிரி 8 ஓம் ஸ்பீக்கர்களை நீள வயரில் கோக்காமல், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டும் 100 வோல்ட் லைன் போடுங்கள். கூரை 11 அடி, உட்கார்ந்தவர் காது 4 அடி என்றால் இடைவெளி 7 அடி. 90 டிகிரி விரியும் ஸ்பீக்கர் காது உயரத்தில் 14 அடி அகலத்துக்குப் பரவும். 40 அடி வராந்தாவுக்கு மூன்று போதும் என்று கணக்கு சொல்லும். நான்கு வையுங்கள், சத்தத்தைக் குறைத்து வைக்கலாம். அலைச் சத்தத்தோடு போட்டி போடும் ஒரு பெரிய ஸ்பீக்கர், பக்கத்து நாற்காலிக்கு இரைச்சல், மூலை நாற்காலிக்கு முணுமுணுப்பு. நான்கு ஸ்பீக்கரை 5 வாட்டில், சாப்பாட்டுக் கூடத்தில் ஆறை 5 வாட்டில், தோட்டத்தில் நான்கை 10 வாட்டில் வைத்தால் மொத்தம் 90. ஆம்பின் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது வழக்கம். 120 வாட் ஆம்ப் சரியாக வரும்.

பிழை நடக்கும் இடம் ஸ்பீக்கர் முதுகிலுள்ள குமிழ். 2.5, 5, 10 வாட் என்று இருக்கும் வரிசையின் கடைசியில் 8 ஓம் என்றும் ஓர் இடம் இருக்கும். பதினான்கில் ஒன்று அங்கே திரும்பியிருந்தால் லைனுக்கு அது ஆயிரத்துச் சொச்சம் வாட் சுமை. ஆம்ப் உடனே புரொடெக்‌ஷனுக்குப் போய்த் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், பழி ஆம்ப் மேல் விழும். கூரையை மூடும் முன், ஏசி தடையைக் காட்டும் இம்பீடன்ஸ் மீட்டரால் லைனை அளங்கள். 90 வாட்டுக்கு 111 ஓம் சுற்றுவட்டத்தில் காட்ட வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் டிசி தடையை மட்டும் காட்டும், அதை நம்பக் கூடாது.

ஸ்பீக்கரை மறைக்க விளக்கு மாடம் நல்ல இடம். சுண்ணாம்புச் சுவரைக் கொத்த வேண்டாம், குழி ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் கோரைப்பாய் கட்ட ஆசைப்படுவார்கள். அது நெருக்கமான பின்னல், பாட்டின் கூர்மையை விழுங்கிவிடும். பிரம்புப் பின்னல் நல்லது, பிரம்பு முடையும் தைக்கால் ஊரில் அளவு கொடுத்தால் சட்டத்தோடு முடைந்து தருவார்கள். வாயருகே பிடித்து ஊதுங்கள், மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால் சத்தமும் போகும். சட்டத்தை ஆணியடிக்காமல் காந்தத்தில் ஒட்டுங்கள். உள்ளே பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு. காகிதக் கோனும் ஃபோம் விளிம்பும் இங்கே தாங்காது.

டிவியைத் தேக்கு அலமாரிக்குள் வைத்தால் மேலே 10 செ.மீ., பக்கங்களில் 5 செ.மீ. விட்டு, கீழும் மேலும் காற்றுத் துளை போடுங்கள். ரிமோட் கதிர் மரத்தைத் துளைக்காது. அந்தக் கதிரை உள்ளே கடத்தும் ஐஆர் எக்ஸ்டெண்டரின் கண்ணை வெளியே கொண்டுவர ஒரு சிறு துளை வேண்டும். கதவு மூடியபடியே டிவி ஓடுவதும் நடக்கும், கதவில் காந்த ஸ்விட்ச் வைத்தால் தீரும். ஏசி காற்று நேராகப் படும் சுவரில் டிவி வேண்டாம். குளிர்ந்த பாகத்தில், ஏசி நின்று ஜன்னல் திறந்ததும் ஈரம் கோர்க்கும். ஆள் வராத மாதங்களில் வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஓடித் தேயும் டிவியை விடச் சும்மா இருந்து சாகும் டிவிதான் கடலோரத்தில் அதிகம்.

ஒவ்வோர் அறைக்கும் ரேக்கிலிருந்து நான்கு கேட்6 நெட்வொர்க் கேபிள்: டிவிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, சும்மா இரண்டு. இரண்டடி சுண்ணாம்புச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டாது, அறைக்குள்ளேயே வைஃபை வேண்டும். போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் வசதி இருந்தால், இரண்டாம் அறையில் நின்று பட்டியலைத் திறந்து பாருங்கள். மூன்றாம் அறை டிவியும் தெரிந்தால் அறைகளைத் தனித்தனி விலேனாக, அதாவது ஒன்றையொன்று பார்க்காத நெட்வொர்க்காக, பிரிக்கவில்லை என்று அர்த்தம். தேனிலவு தம்பதியின் டிவியில் பக்கத்து அறைக் குழந்தையின் கார்ட்டூன் ஓடும்.

மறைவாக வைப்பது வேறு, ரகசியமாக வைப்பது வேறு. அறைக்குள் கேமரா எந்தக் காரணத்துக்கும் கிடையாது. குரலுக்குப் பதில் சொல்லும் கருவி வைத்தால், அதன் மைக்கை அணைக்கும் பட்டன் விருந்தாளி கைக்கெட்டும் இடத்தில் தெரிந்தாக வேண்டும்.

மின்சாரத்தில் இடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு சர்ஜ் புரொடெக்டரும் நல்ல எர்த்தும் போதும். புயலில் மரம் விழுந்து நியூட்ரல் அறுந்தால் 240 வோல்ட் லைன் 400-ஐ நெருங்கும், நிமிஷக்கணக்கில் நிற்கும். சர்ஜ் புரொடெக்டர் அதைத் தாங்காமல் தானே கருகும். 170-க்குக் கீழும் 270-க்கு மேலும் துண்டிக்கும் வோல்டேஜ் ரிலே ஒன்றை ரேக்குக்கு முன்னால் போடுங்கள். 2018 நவம்பரில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது தென்னைகள் எப்படிச் சாய்ந்தன என்பது ஊருக்கே தெரியும். தென்னையில் ஸ்பீக்கர் கட்டாதீர்கள். தோட்டத்து ஸ்பீக்கரை ஜெல் கனெக்டரில் செருகி வையுங்கள், எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே கொண்டுபோக.

திறந்தவெளியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஸ்பீக்கர் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. டைமரில் 9.45-க்கே மெல்ல இறங்கும்படி வையுங்கள், மேனேஜர் ஞாபகத்தை நம்ப வேண்டாம். தை முதல் சித்திரை வரை கடலைப் பார்த்து புரொஜெக்டர் திரையும் வேண்டாம். அது பங்குனி ஆமை முட்டையிடும் காலம், பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதில் ஊருக்குள் நடக்கும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிரில்களை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், கரையோரத்தில் அதுவே உப்பு. குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. பூச்சு வேலைக்கு முன் வயர் போகும் இடம் தெரிய ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்து, அச்சிட்டு, லேமினேட் செய்து ரேக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பக்கத்திலேயே 316 ஸ்க்ரூ ஒரு டப்பா.