கொக்கி இல்லாத கார், 24 கிலோ சைக்கிள்

என் மின்சார சைக்கிளின் எடை 24 கிலோ. என் உயரம் 155 செ.மீ. என் கார் சிறிய ஹேட்ச்பேக். டிரெய்லரை இழுக்கவும் சைக்கிள் கேரியரை மாட்டவும் காரின் பின்னால் பொருத்தும் இழுவைக் கொக்கி அதற்குக் கிடையாது. இவற்றைச் சொல்லி, சைக்கிளைக் காரில் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால் யாராக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "கொக்கி போட்டுவிடுங்களேன்." வாரந்தோறும் இரண்டு மின்சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அது சரியான யோசனை. அவர்களுக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. சிறிய கார்களின் கொக்கி தாங்கும் செங்குத்து எடை பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ வரைதான். அதில் மாட்டும் கேரியரே 15, 20 கிலோ இருக்கும். மிச்சத்தில்தான் சைக்கிள். எனக்கு ஒரே ஒரு சைக்கிள், எப்போதாவது ஒரு பயணம். அதற்காகக் காரின் அடிப்பாகத்தைக் கழற்றிக் கொக்கி பொருத்த மனம் வரவில்லை. சில கார்களின் கையேட்டில் இழுவைக்கே அனுமதி இல்லை என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

கொக்கி இல்லாதவர்களுக்கென்று கடைகளில் இரண்டு பொருள்கள் உண்டு. டிக்கிக் கதவில் பட்டைகளால் கட்டும் கேரியர் ஒன்று, கூரையில் பொருத்தும் கேரியர் மற்றொன்று. இரண்டையும் நான் ஒதுக்கிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

பட்டைக் கேரியரின் பெட்டியில் "3 சைக்கிள், 45 கிலோ" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். 24 என்பது 45-க்குக் குறைவுதானே என்று மனம் உடனே கழித்துப் பார்த்து நிம்மதியடைகிறது. பெட்டிக்குள்ளே இருக்கும் தாளைப் பிரித்துப் படித்தால், ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்த 45 என்பது மூன்று சைக்கிள்களுக்குப் பிரித்துக் கொடுத்த எடை. ஒவ்வொரு சைக்கிளும் உட்காரும் பிடிக்கும் தனி வரம்பு உண்டு. கேரியரின் கைகள் காருக்கு வெளியே நீண்டு நிற்பதால், ஒவ்வொரு பள்ளத்திலும் எடை இழுப்பது கீழ்நோக்கி மட்டுமல்ல, பின்நோக்கியும்தான். அத்தனை இழுப்பையும் தாங்குவது டிக்கிக் கதவின் தகட்டு விளிம்பில் மாட்டிய நாலைந்து சிறு கொக்கிகள். விளிம்பு கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் அதில் மாட்டவே கூடாது. இப்போது வருகிற ஹேட்ச்பேக்குகளில் பலவற்றின் பின்கதவு மேல்பகுதி அப்படித்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு என் சைக்கிள் தாழ்ந்த சட்டம் கொண்டது. மேல்குழாய் இல்லாத சைக்கிளைத் தொங்கவிட ஒரு இணைப்புக் குழாய் தனியாக வாங்க வேண்டும். அந்தக் குழாய்க்கும் ஒரு எடை வரம்பு! நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறைந்துபோவதைப் பற்றிப் பேசவே தொடங்கவில்லை. பல நாடுகளில் அதற்கு அபராதம் உண்டு.

மொத்தத்தில், "மின்சைக்கிளுக்கு அல்ல" என்று தயாரிப்பாளரே எழுதிவைத்த பட்டைக் கேரியர்கள்தான் அதிகம். விற்கிறவர் அந்த வரியைப் படித்துக் காட்டமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்: ஒரு சைக்கிளுக்கு எவ்வளவு?

கூரைக் கேரியர் என் தம்பியின் விருப்பம். "அக்கா, மேலே ஏற்றிவிட்டால் உள்ளே இடம் அப்படியே இருக்குமே" என்பான். அவன் ஆறடி உயரம். அவனுக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரம். கூரையில் மூன்று வரம்புகளைப் பார்க்க வேண்டும்: கார் கூரையின் வரம்பு, குறுக்குக் கம்பிகளின் வரம்பு, சைக்கிள் நிற்கும் தட்டின் வரம்பு. மூன்றில் எது சிறியதோ அதுதான் கணக்கு. கார்க் கூரை பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ தாங்கும். கம்பிகளின் எடையும் அதில் சேர்த்தி. தட்டுகளோ பெரும்பாலும் 15 முதல் 20 கிலோவோடு நின்றுவிடுகின்றன. கூடுதல் தாங்கும் தட்டு கிடைத்தாலும், அதன் மேல் சைக்கிளை வைக்கப்போவது யார்? பாட்டரியைக் கழற்றிய பிறகும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு பொருளைத் தோளுக்கு மேலே தூக்கி, நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பிடியை இறுக்க வேண்டும். என் முதுகுத்தண்டைப் படம் பிடித்துப் பார்த்த மருத்துவர் இதைக் கேட்டால் கதவைத் திறந்து என்னை வெளியே அனுப்பிவிடுவார்.

உயரம் வேறு. காரின் ஒன்றரை மீட்டரோடு சைக்கிளின் ஒரு மீட்டருக்கு மேலான உயரமும் சேர்ந்தால் இரண்டரையைத் தாண்டுகிறது. அடித்தள வாகன நிறுத்தங்களின் நுழைவாயில் பலவும் இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கின்றன. கூரைமேல் சைக்கிள் இருப்பதை மறந்து உள்ளே நுழைபவர்கள் நிறையப் பேர். மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சைக்கிள் சாதாரண மழையைத் தாங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் எதிரே வந்து அறையும் தண்ணீர் வேறு ரகம். தார்ப்பாயால் மூடினாலோ, அது காற்றைப் பிடித்துக்கொண்டு கேரியரையே பிய்க்கப் பார்க்கும்.

காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணக் கேரியர்களும் இருக்கின்றன. சுத்தமான, வளைவில்லாத தகட்டில் அவை வியக்கத்தக்க உறுதியோடு ஒட்டுகின்றன என்கிறார்கள். வழியில் அவ்வப்போது நிறுத்தி, பிடி தளர்ந்ததா என்று பார்க்க வேண்டுமாம். தூக்கம் கெடுக்கும் பொருள்களை நான் வாங்குவதில்லை.

ஆகவே சைக்கிள் காருக்குள் போகிறது. வெளியே மாட்டும் எதற்கும் எடை வரம்பு குறுக்கே நிற்கிறது. உள்ளேயோ கேள்வி நீளம் பற்றியது மட்டும்தான். நீளத்தை ஒரு டேப்பும் ஒரு ஸ்பேனரும் தீர்த்துவிடும். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் ஏறத்தாழ 180 செ.மீ. நீளம். இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே ஏறக்குறைய 110, இரு பக்கமும் சக்கரத்தின் பாதி 35, 35. முன்சக்கரத்தைக் கழற்றினால் ஒரு 35 போய்விடுகிறது. மிச்சம் 145. பின்சீட்டை மடக்கி, முன்பக்கப் பயணி சீட்டை டாஷ்போர்டை ஒட்டி நகர்த்தினால் சிறிய ஹேட்ச்பேக்கிலும் அந்த நீளம் கிடைத்துவிடும். உங்கள் காரில் கிடைக்குமா என்பதை டேப்பை விரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பார்வையால் அளக்காதீர்கள்.

நீளம் மட்டுமல்ல, எடையும் இறங்குகிறது. பாட்டரி மூன்றரை கிலோ, முன்சக்கரம் பிரேக் டிஸ்க்கோடு இரண்டு கிலோவுக்கு மேல், சீட்டும் அதன் தண்டும் முக்கால் கிலோ. 24-லிருந்து பதினேழரைக்கு வந்துவிடுகிறோம்.

முன்சக்கரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னுடையது பின்சக்கர ஹப் மோட்டார், அதாவது மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அந்தச் சக்கரத்தின் ஆக்சிலில் பெரிய நட்டுகள், அவற்றுக்கடியில் ஒரு ஒழுங்கில் அடுக்கிய வாஷர்கள், ஆக்சில் சுழலாமல் பிடிக்கும் ஒரு இரும்புக் கை, மோட்டாருக்குப் போகும் வயர் எல்லாம் இருக்கின்றன. வாஷர்களின் ஒழுங்கு மாறினால் ஆக்சில் இருப்பிடத்தை விட்டுத் திருகிக்கொள்ளும். சாலையோரத்தில் செய்கிற வேலை இல்லை அது. மோட்டார் பெடலுக்கு நடுவே இருக்கும் சைக்கிள் என்றால் பின்சக்கரமும் சாதாரணச் சக்கரம்தான். முன்சக்கரத்தில் மோட்டார் உள்ளவர்கள் வேறு வழி தேட வேண்டும்.

ஏற்றும் முறைக்கு வருகிறேன். இதை நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் வலிமை தேவைப்படும் வேலை என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாட்டரியையும் ஹேண்டில்பாரில் இருக்கும் டிஸ்ப்ளே திரையையும் எடுத்துவிடுகிறேன். பெடல்களைக் கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர். இடது பெடலின் மரை தலைகீழ். எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்ப வேண்டாம்: ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பக்கமும் கழன்றுவரும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு போல்ட்களை ஆலன் கீயால் தளர்த்தி, ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு இணையாகத் திருப்பிக்கொள்வேன். திருப்புவதற்கு முன் ஒரு சின்ன ஒட்டுத்தாள் துண்டை இரு பக்கமும் படும்படி ஒட்டி, நடுவே பேனாவால் கோடு போட்டுவிட்டால், மறுபடி நேராக வைக்கக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

முன்சக்கரம் வெளியே வந்ததும் இரண்டு காரியங்கள். கழற்றிய ஆக்சிலை, முன்சக்கரத்தைப் பிடித்திருந்த வெறும் ஃபோர்க்கிலேயே மறுபடி செருகிவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஃபோர்க்கின் கால்கள் அழுத்தத்தில் நெருங்கும், ஆக்சிலும் எங்காவது உருண்டோடிவிடும். அடுத்து, பிரேக் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு. நடுவில் டிஸ்க் இல்லாத நேரத்தில் யாராவது பிரேக் லீவரைத் தொட்டால் ஹைட்ராலிக் பேட்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அவற்றை விலக்குவதற்குள் பாதி நாள் போய்விடும். சைக்கிளைச் சுற்றி நிற்கும் குழந்தைகளின் கை நேராகப் போவது அந்த லீவருக்குத்தான்.

டிக்கித் தரை முழுக்க ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்திருப்பேன். போர்வை விரித்தால் சுருண்டு மாட்டிக்கொள்கிறது, அட்டை வழுக்கும். சைக்கிளின் முன்பாகத்தை மட்டும் தூக்கி, ஃபோர்க்கின் நுனியை டிக்கி வாசலில் வைக்கிறேன். இப்போது பாதி எடை காருடையது. பின்னால் போய், பின்சக்கரம் தரையில் உருள உருளத் தள்ளுவண்டி போலத் தள்ளுகிறேன். சக்கரம் பம்பரைத் தொடும்போதுதான் பின்பாகத்தைத் தூக்க வேண்டும். ஹப் மோட்டார் இருப்பதால் என் சைக்கிளில் பின்பாகம் கொஞ்சம் கூடுதல் கனம். ஆனாலும் மொத்தச் சைக்கிளை ஒரு கணமும் நான் தூக்குவதில்லை. முழங்காலை மடக்கி எழுந்து, சக்கரத்தை வாசல்மேல் ஏற்றித் தள்ளினால் அட்டைமேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

பிறகு செயின் பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்துப் படுக்கவைக்கிறேன். கியர் மாற்றும் கை அந்தப் பக்கம்தான் தொங்குகிறது. அதன்மேல் எடை விழுந்தால் வளைந்துவிடும். கழற்றிய சக்கரத்தைப் பழைய சட்டையில் சுற்றி, டிஸ்க் பக்கம் மேலே பார்க்கும்படி ஓரத்தில் வைக்கலாம். செயின் எண்ணெய் பட்ட விரலோடு டிஸ்க்கைத் தொடாதீர்கள். எண்ணெய் ஏறிய டிஸ்க் பிடிக்காது, கத்தும்.

சைக்கிள் தானே, படுத்துக்கிடக்கிறது, எங்கே போகப்போகிறது என்று கட்டாமல் கிளம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு 14 மீட்டர். மோதலில் கார் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல 14 மடங்கு விசையோடு முன்னே வரும். 18 கிலோ சைக்கிளுக்கு அது 250 கிலோ. ஓட்டுநர் சீட்டின் முதுகுக்கு நேரே. டிக்கித் தரையில் சாமான் கட்டுவதற்கென்று வளையங்கள் இருக்கும். பின்சட்டத்தில் ஒன்று, முன்குழாயில் ஒன்று என்று இரண்டு பட்டைகள் போட்டு இறுக்கிவிடுவேன். பிரேக் குழாய்கள் பட்டைக்கடியில் நசுங்கக் கூடாது.

பாட்டரி துண்டில் சுற்றி முன்சீட்டின் பின்னால் தரையில் இருக்கும். அதன் முனைகளோடு ஸ்பேனர் முதலிய இரும்புச் சாமான்களைச் சேர்த்துப் போடக் கூடாது. பூட்டிய காருக்குள் வெயிலில் வெப்பம் 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். லித்தியம் அயான் பாட்டரிக்கு அது ஆகாது. சாப்பிட இறங்கினால் பாட்டரியும் என்னோடு இறங்கும். உணவகங்களில் என் பக்கத்து நாற்காலியில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அது என்ன என்று கேட்காதவர்கள் குறைவு.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. பின்சீட் மடங்கிவிடுகிறது. முன்பக்கப் பயணி சீட்டும் டாஷ்போர்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஆக, சைக்கிளோடு போனால் தனியாகத்தான் போக வேண்டும். எனக்கு அது குறையாகப் படவில்லை, தம்பிக்குத்தான் வருத்தம்.

இறக்கும்போது எல்லாம் தலைகீழாக. ஹேண்டில்பார் போல்ட்களை எவ்வளவு இறுக்குவது என்பது அதன்மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர். அட்டைத் துண்டை எடுத்து, சக்கரத்தை மாட்டி, ஏறுவதற்கு முன் பிரேக் லீவரை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். முதல் அழுத்தல் சில நேரம் தொளதொளவென்று போகும், பிறகு இறுகும். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருக முயலுங்கள். அசைந்தால் போல்ட் இறுகவில்லை.

செடான் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல நிறைய இல்லை. டிக்கியின் வாய் குறுகல். பின்கதவு வழியாகப் பின்சீட்டில் ஏற்றுவதென்றால் இரண்டு சக்கரங்களையும் கழற்ற வேண்டியிருக்கும். பெடல்களுக்கு நடுவே மோட்டார் உள்ள சைக்கிள் என்றால் முயன்று பார்க்கலாம். பின் ஹப் மோட்டாரும் செடானும் சேர்ந்திருந்தால், கொக்கி போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேளுங்கள், அல்லது பெரிய கார் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள்.