வாளியில் ஊறிய பலகை

வீட்டுத் தரைக்குப் போடப் பார்க்கிற பலகைகளின் மாதிரித் துண்டுகளை, இரண்டு நாள் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு இன்று காலை வெளியே எடுத்தேன்.

மரத்தூளை அழுத்திச் செய்த லேமினேட் துண்டின் ஓரம் ஊறின பன் மாதிரி உப்பியிருந்தது. நகத்தால் கீறினால் மரத்தூளாக உதிர்கிறது.

பிளாஸ்டிக் வகையான வினைல் பலகை போட்டது போட்டபடியே இருந்தது.

கிரானைட்டுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் தரையா என்று மாமா கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் பளபளவென்ற அந்தக் கல்தரையில்தான் போன மழைக்காலத்தில் அம்மா ஈரக்காலோடு வழுக்கி விழுந்தார். மார்கழிச் சில்லிப்பு முழங்காலில் ஏறுகிறது என்பார்.

வினைலில் எஸ்பிசி என்கிற வகையைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசி பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்தியது, அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. கடையில் மொத்தத் தடிமனைத்தான் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மேலே இருக்கிற தேய்மானப் படலம் எவ்வளவு என்று. படுக்கையறைக்கு 0.3 மி.மீ. போதும். ஆள் நடமாட்டம் உள்ள கூடத்துக்கு 0.5 சொல்லியிருக்கிறேன்.

சரி, பலகை நனையாது. அடியில் இருக்கிற தரை?

ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க, பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டோம். கூடத்தில் காய்ந்தே இருந்தது. சமையலறை மூலையில் தாளுக்கு அடியில் முத்து முத்தாய் வியர்த்திருந்தது. அந்தச் சுவரின் கசிவைச் சரிசெய்யாமல் அங்கே ஒரு பலகைகூடப் போடப் போவதில்லை.

அப்புறம் அம்மா வந்து, துடைத்து வைத்த துண்டின் மேல் ஈரக்காலோடு ஏறி நின்றார்.

"சில்லுன்னு இல்ல கண்ணு. இதையே போடு."