ஏற்காட்டுக் குளிரில் செல்ஃப் எடுக்காத வண்டி

மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டில் இரவு தங்கும் வண்டிகளில் ஒன்றிரண்டு மறுநாள் காலையில் கிளம்ப மறுப்பது வழக்கம். சேலத்தில் நன்றாக ஓடிய வண்டி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் படுத்துவிட்டதே என்று உடையவர்கள் மலையை நொந்துகொள்கிறார்கள். ஆனால் பேட்டரியின் ஆயுளை ஆண்டு முழுவதும் தின்பது சேலத்து வெயில்தான். ஏற்கெனவே நலிந்துவிட்ட பேட்டரியைக் குளிர் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

பானெட்டைத் திறப்பதற்கு முன்பு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருகும்போது ‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் வந்து, ஹெட்லைட்டும் மங்கினால், பேட்டரியிலோ, அதில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினலிலோ குறை இருக்கிறது. விளக்கு மங்காமல் எரிந்தும், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் அசையவில்லை என்றால், செல்ஃப் மோட்டாரையோ அதற்குச் செல்லும் இணைப்பையோ சந்தேகிக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்காத பெட்ரோல் வண்டியில், சாவியை ஆன் செய்தவுடன் பின் இருக்கைப் பக்கம் ஓரிரு நொடிகள் கேட்க வேண்டிய பெட்ரோல் பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் பம்புக்கான ஃப்யூஸையும், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயையும் பார்ப்பது அடுத்த வேலை.

மலையில் நான் கண்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றின் குறை டெர்மினலில்தான் இருந்தது. ஈயக் கவ்வியைச் சுற்றி வெளிர்பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பு, வெறும் கையால் திருகினாலே ஆடும் கவ்வி, இவ்விரண்டுமே மின்சாரத்தைத் தடுக்கப் போதுமானவை. முதலில் நெகட்டிவ் கவ்வியைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் உப்பைக் கழுவி, நன்றாகத் துடைத்து, கடைசியாக நெகட்டிவை மாட்டி இறுக்கினால் பல வண்டிகள் உடனே உயிர் பெறும். விடுதிச் சமையலறையில் ஆப்ப சோடா கிடைக்காமல் போகாது.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், ஓய்வில் இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது காலியாகிவிட்டதாகவே கொள்ளலாம்.

இதற்குள் யாராவது ஒருவர் வந்து, “இறக்கத்துல விட்டு செகண்ட் கியர்ல புடிங்கண்ணா, கெளம்பிரும்” என்பார். சமதளத்தில் நாலு பேர் தள்ளினால், மேனுவல் கியர் வண்டிக்கு இந்த உபாயம் பலிக்கக்கூடும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் இதை முயல்வது மடமை. எஞ்சின் ஓடாதபோது பிரேக் மிதி இரண்டு மூன்று அழுத்தலில் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் துணை செய்யாது. பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கடன் வாங்கும் ஜம்பர் கேபிள் போடுவதே மேல். அப்போதும் கடைசி நெகட்டிவ் முனையைக் காலியான பேட்டரியில் மாட்டாமல், எஞ்சினின் வெறும் உலோகப் பகுதியில் கவ்வ விடுங்கள்; பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

வண்டி கிளம்பியதும் மீட்டரை மறுபடியும் வைத்துப் பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது, தாராளமாக இறங்கலாம்; 12-லேயே நின்றால், மெக்கானிக்கை மேலேயே வரவழைத்துவிடுங்கள்.