சாரா ஆல்குட்: சில நாள் குறிப்புகள்

நவம்பர் 4

1904 டிசம்பர் 27. டப்ளினில் அபே தியேட்டர் திறந்த இரவு. லேடி கிரிகரியின் நாடகத்தில் மிஸஸ் ஃபாலனாக ஐரிஷ் நடிகை சாரா. 562 இருக்கைகள். அரங்கைச் சேர்ந்த கட்டடம் ஒன்று முன்பு பிணவறை. அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஃபிராங்க் ஃபே. அந்த அரங்கின் நடிகர்களான ஃபிராங்கும் அவருடைய சகோதரரும் வகுத்த முறை இது: பேசுகிறவர் மட்டும் அசைய வேண்டும், மற்றவர்கள் அசையாமல் நின்று கேட்க வேண்டும். கேட்பதும் நடிப்புதான். சாராவைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

நவம்பர் 5

1907 ஜனவரி 26. அதே அபே அரங்கில் ஐரிஷ் நாடக ஆசிரியர் ஜே.எம். சிங்கின் 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்'. விதவை க்வின் வேடத்தில் சாரா, நாயகி பெகீன் மைக் வேடத்தில் தங்கை மாலி. அரங்கில் ஒரே கலவரம், அடுத்த நாட்களில் போலீஸ் காவல். தங்கைக்கும் சிங்குக்கும் நிச்சயமாகியிருந்தது. 1909-இல் சிங் இறந்துவிட்டார்.

நவம்பர் 7

ஜூனோ. ஷான் ஓகேசி எழுதிய 'ஜூனோ அண்ட் தி பேகாக்' நாடகத்தின் தாய்; 1924 மார்ச் 3 அன்று முதலில் அந்த வேடமேற்றவர் சாரா. இந்தப் பாத்திரத்தை ஏற்கிற நடிகைகள் சறுக்குவது மூன்றாம் அங்கத்துப் பிரார்த்தனையில். மகன் ஜானி சுடப்பட்டுக் கிடக்கிறான், ஜூனோ மன்றாடுகிறாள். அங்கே உடைந்து அழுதால் காட்சி கெட்டுவிடும். ஏனென்றால் அந்த வார்த்தைகள் ஜூனோவுடையவை அல்ல. இரண்டாம் அங்கத்தில், வீட்டில் கிராமபோனும் பாட்டுமாகக் கொண்டாட்டம் நடக்கும்போது, மாடியிலிருந்து மிஸஸ் டேன்கிரெட் இறங்கி வருகிறாள், தன் மகனின் உடலை எதிர்கொள்ள. அவள் புலம்பிய சொற்களே இவை. அவள் போனபின் ஜூனோ கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறாள். தன் பிள்ளை போனபிறகு அதே சொற்கள் அவள் வாய்க்கு வருகின்றன, அன்று போதுமான அளவு இரங்கவில்லையே என்ற உறுத்தலோடு. ஆக, பிரார்த்தனை தொடங்குவது இரண்டாம் அங்கத்தில்தான். அப்போது ஜூனோ ஒரு சொல் விடாமல் கேட்டிருக்க வேண்டும். கையிலிருக்கும் தட்டையோ நாற்காலியையோ நகர்த்தினால்கூட பார்வையாளர் கண் அங்கே போய்விடும், மூன்றாம் அங்கத்துக்கு எதுவும் மிஞ்சாது. ஃபேயிடம் கற்ற நடிகை அசையாமல் நின்றதன் பலன் இது.

நவம்பர் 8

ஜூனோ படத்தின் நகல் இன்றும் வரவில்லை.

நவம்பர் 10

1930, இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ, அதே ஜூனோ நாடகத்தை ஹிட்ச்காக் எடுத்த படம், சாராவே ஜூனோ. அப்போது ஒலியைப் பின்னால் கலக்க வழியில்லை, எல்லாம் படப்பிடிப்பிலேயே பதிவாக வேண்டும். ஒரு காட்சியில் குடும்பத்தின் பேச்சு, கிராமபோன் பாட்டு, வெளியே சவ ஊர்வலத்தின் பாடல், துப்பாக்கிச் சத்தம், எல்லாம் ஒரே நேரத்தில். பொருத்தமான இசைத்தட்டு கிடைக்காததால் சிறு வாத்தியக் குழுவை வைத்து, செட் உதவியாளர் ஒருவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடச் சொன்னார்கள், தகரக் குரல் வருவதற்காக. கேமரா மெல்ல ஜானியின் முகத்தை நெருங்குகிறது. இத்தனை இரைச்சலுக்கு நடுவே சாராவின் குரலைக் கேட்டுப் பாருங்கள், கத்தவே இல்லை! அரங்கின் கடைசி வரிசைக்குப் பழகிய தொண்டை மைக்குக்கு முன்னால் தன்னை இவ்வளவு அடக்கிக்கொண்டது எனக்குப் பெரிய விஷயம். படமாக அது நாடகத்தை அப்படியே எடுத்துவைத்ததுதான். அதனாலேயே நமக்கு அவருடைய ஜூனோ கிடைத்தது.

நவம்பர் 11

1918. சாராவுக்குப் பிறந்த குழந்தை பிழைக்கவில்லை. அதே ஆண்டு நியூசிலாந்தில் கணவரை இன்ஃப்ளுயன்ஸா கொண்டுபோனது. இதற்கு ஆறாண்டு கழித்துத்தான் ஜூனோ. இரண்டையும் முடிச்சுப் போட விருப்பமில்லை. அவருடையது பயின்ற கலை.

நவம்பர் 14

ஹாலிவுட்டை நினைத்தால் இன்று கோபம் வருகிறது. 1940-இல் போனவருக்கு அம்மா, வேலைக்காரி, நர்ஸ் என்று சின்னச் சின்ன வேடங்கள். ஜான் ஃபோர்டின் 1941 படம் மட்டும் விதிவிலக்கு: வேல்ஸ் சுரங்கக் குடும்பத்துத் தாய், துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. பனி கொட்டும் இரவில், கணவரைப் பற்றி முணுமுணுக்கும் வேலைநிறுத்தக்காரர்களின் கூட்டத்தில் அவர் எழுந்து பேசுவார். சின்ன மகன் பக்கத்தில். கை ஆட்டம் கிடையாது. அவருடைய முழுக் குரலையும் அங்கேதான் திறக்கவிட்டார்கள். 1946-இல் தி ஸ்பைரல் ஸ்டேர்கேஸில் நர்ஸ் பார்க்கர். பாதிப் படத்திலேயே வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள்.